கும்பகோணத்துப் பழைய வீட்டில் இரண்டு இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாரங்கபாணி கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. ஐந்து அறைகள். என் மாமனாரின் அப்பா காலத்து வீடு. 2016 மகாமகத்துக்கு வந்து தங்கிய உறவுக்கூட்டம் ஊர் திரும்பிய பிறகு, இத்தனை அறைகளையும் பூட்டிவைத்து என்ன பயன் என்று வெளியாருக்குத் திறந்துவிட்டோம். தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டதால் எழுதிவைக்கிறேன். முக்கியத்துவம் பார்த்து அடுக்கவில்லை.

கார் வாசல் வரை வருமா?

வராது. சந்து முனையில் இறங்கி எண்பது அடி நடக்க வேண்டும். பெட்டி தூக்க ஆள் வருவார். காரில் வருவதாக முன்பே சொன்னால் நிறுத்த இடம் பார்த்துவைப்போம். வந்து இறங்கியபின் நகரத்துக்குள் காரை எடுக்க வேண்டாம். எடுத்தவர்கள் பெரிய கடைத்தெருவில் மாட்டிக்கொண்டு எனக்கே தொலைபேசியில் கூப்பிட்டு வழி கேட்டிருக்கிறார்கள். வழி சொல்லலாம், விலக வழி ஏற்படுத்தித் தர என்னால் முடியாது.

ஒரு நாள் போதாதா? குறைந்தது இரண்டு இரவு என்று ஏன் சொல்கிறீர்கள்?

இந்த ஊரின் கடிகாரம் அப்படி. பெரும்பாலான கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்துவார்கள். திறக்க நான்கு, நான்கரை ஆகும். சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்பிக் காரில் வருகிறவர் பதினொரு மணிக்கு வந்து சேர்கிறார், இரண்டு கோயிலுக்குள் ஓடிவிட்டு வெளியே வருகிறார், நடை சாத்திவிடுகிறது. சாப்பிட்டுவிட்டு வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். நான்கரைக்கு மறுபடி ஓட்டம். இரவு ஏழு மணிக்கு, "கும்பகோணத்தில் எல்லாக் கோயிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். அவர் மேல் தப்பில்லை, அவர் வந்த நேரத்தின் மேல்தான் தப்பு.

இரண்டு இரவு தங்கினால் இரண்டு மாலை, இரண்டு காலை கிடைக்கும். ஊரே அந்த நேரங்களில்தான் இருக்கிறது. நடுவில் வரும் மதியத்தை வீட்டில் கழிக்கலாம்.

அந்த மதிய நேரத்தில் வீட்டில் என்னதான் செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். இந்த வீட்டைக் கட்டியவர்கள் அந்த நான்கு மணி நேரத்தை மனதில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். வாசலில் திண்ணை, அதைத் தாண்டினால் ரேழி என்னும் குறுகிய இடைவழி, பிறகு கூடமும் முற்றமும், அதற்கப்பால் இரண்டாம் கட்டு என்னும் பின்பகுதி, கொல்லை, கிணறு. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்துவைத்தால் ஒரு கோடு போட்டதுபோல் காற்று ஓடும். முற்றத்தின் வழியாகச் சூடு மேலே போய்விடும். ரேழி இருட்டாக இருக்கிறதே என்று விருந்தினர்கள் விளக்கைப் போடுவார்கள். அது இருட்டாக இருக்கட்டும் என்றே கட்டியது. தெருவின் வெளிச்சத்திலிருந்து வரும் கண் அங்கே தணிந்துவிட்டுத்தான் கூடத்துக்குள் வரும்.

கூடத்தில் தேக்குப் பலகை ஊஞ்சல் இருக்கிறது. பன்னிரண்டரை மணிக்கு இலை போடுவோம். கத்திரிக்காய் ரசவாங்கி, வாழைப்பூ வடை, மோர். தஞ்சை மராட்டியர் காலத்திலிருந்து இந்தப் பக்கத்துச் சமையலில் தங்கிவிட்டது ரசவாங்கி. பெயர் கேட்டு ரசம் என்று நினைத்துக் கிண்ணம் கேட்பார்கள், அது கெட்டியானது. சாப்பிட்டு முடித்தபின் தட்டில் வெற்றிலை வரும். பிறகு ஊஞ்சலுக்கு யார் என்பதில் சின்னப் போட்டி நடக்கும், எழுபது வயதுக்கு மேற்பட்டவர்தான் ஜெயிப்பார்.

மழைக்காலத்தில் வந்தால் முற்றத்தை விட்டு யாரும் எழுந்திருப்பதில்லை. நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள் விழும். மூலைகளில் தகரத் தூம்பு வைத்து அதன் கீழ் அண்டா வைத்திருக்கிறோம். முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடுவோம், ஓட்டுத் தூசி கழுவிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு வருவதைத்தான் பிடிப்போம். முற்றத்து ஓரத்தில் தண்ணீர் போகும் துளையில் கொட்டாங்கச்சி ஒன்று செருகியிருக்கும். அதை எடுத்துவிட மறந்தால் கூடம் குளமாகிவிடும், ஒரு முறை ஆகியிருக்கிறது. எதிர்ப்பக்க அறையில் இருந்த குழந்தைகளுக்கு அன்று அதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

ஒரே நாளில் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், விடியலில் கிளம்பினால். மேற்கே திருவையாற்றுப் பக்கம் திங்களூர், கிழக்கே காரைக்கால் பகுதியில் திருநள்ளாறு, கடல் பக்கம் திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும். நாள் முழுக்க வண்டிதான். வேண்டுதல் என்றால் போய்வாருங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு எங்கள் வீடு தேவையில்லை. படுத்து எழுந்திருக்க ரயில்வே நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் போதும், செலவும் குறையும்.

நகரத்துக்குள் நடந்தே எதையெல்லாம் பார்க்கலாம்?

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கிறது ஊர். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. 2021-இல் மாநகராட்சி ஆனாலும் பழைய ஊரை ஒருவர் நடந்தே சுற்றிவிடலாம்.

முதல் நாள் மாலை சாரங்கபாணி கோயிலோடு ஆரம்பியுங்கள். பதினோரு நிலை ராஜகோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது உள்ளே இருப்பதை. மூலவர் சன்னதியையே குதிரையும் யானையும் இழுக்கும் கல் தேராகச் செய்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். சூரியன் வடக்கே போகும் ஆறு மாதம் ஒரு வழி, தெற்கே திரும்பும் ஆறு மாதம் இன்னொரு வழி. நீங்கள் எந்த வாசல் வழியாகப் போனீர்கள் என்று சொன்னால் எந்த அரையாண்டில் வந்தீர்கள் என்று நான் சொல்லிவிடுவேன். திவ்வியப் பிரபந்தம் மறுபடி கிடைத்த கதையும் இந்தப் பெருமாளோடு சேர்ந்ததுதான். "ஆராவமுதே" என்று தொடங்கும் நம்மாழ்வார் பாசுரங்களைச் சிலர் பாடக் கேட்டு, மீதிப் பாடல்களைத் தேடி நாதமுனிகள் புறப்பட்டார் என்பது வைணவ மரபு.

மறுநாள் காலையில் நாகேஸ்வரன் கோயில். முற்காலச் சோழர் வேலை, முதலாம் ஆதித்தன் காலத்தது. கருவறைச் சுவரின் வெளிப்புறத்தைச் சுற்றி ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். அவர்கள் தெய்வங்கள் இல்லை, மனிதர்கள். யாரென்று பெயர் இல்லை. ஒரு பெண்ணின் இடுப்புத் துணி மடிப்பைக் கல்லில் எப்படி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரம்தான் இதற்குச் சரி, உச்சி வெயிலில் சிற்பம் தட்டையாகிவிடும். சித்திரையில் சில நாட்கள் சூரிய ஒளி நேராக லிங்கத்தின் மேல் விழும். அந்த நாட்களில் கூட்டமும் விழும்.

அங்கிருந்து ராமசாமி கோயில். ரகுநாத நாயக்கர் காலத்தது. மண்டபத்துத் தூண்களில் கை வைக்க இடமில்லாமல் சிற்பம், பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுதும் ஓவியமாக. நாகேஸ்வரனில் சோழர் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே நாயக்கர் சொல்லித் தீர்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே காலையில் பார்த்தால்தான் இந்த வேறுபாடு தெரியும்.

மகாமகக் குளத்துக்கு இருட்டிய பிறகு போங்கள். ஆறு ஏக்கருக்கு மேல் பரப்பு, சுற்றிலும் பதினாறு மண்டபங்கள். அவற்றைக் கட்டியவர் நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நாடே இங்கே குளிக்க வரும். மற்ற நாட்களில் மாலையில் படிக்கட்டில் நாலைந்து பேர், சுண்டல் விற்பவர், மீனுக்குப் பொரி போடும் குழந்தைகள்.

ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பார்க்க முடியுமா?

முடியும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கிறது. 2003 முதல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் நினைவகமாகப் பராமரிக்கிறது. பெரிய எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றமாக இருக்கும். சின்ன வீடு. தெருவைப் பார்த்த ஜன்னல், ஒரு கட்டில். எனக்கு அந்தச் சின்னதுதான் பிடிக்கும். அவர் 1887-இல் பிறந்தது ஈரோட்டில், வளர்ந்தது இங்கே. ஆற்றங்கரையில் இருக்கும் அரசு கல்லூரியில் (1854-இல் தொடங்கியது) சேர்ந்து, கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகையை இழந்தார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். குழந்தைகள் வந்தால் மேல் வரிசையில் 22, 12, 18, 87 என்று எழுதிவைப்பேன். ராமானுஜனின் பிறந்த தேதி, மாதம், ஆண்டு. கூட்டினால் 139. கீழே இன்னும் மூன்று வரிசை எழுதி, எந்தப் பக்கம் கூட்டினாலும் 139 வர வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். குழந்தைகளைவிட அப்பாக்கள்தான் இரவு பத்து மணி வரை அதன் முன் நிற்கிறார்கள்.

தாராசுரம் கட்டாயமா?

நான் கட்டாயம் என்று சொல்லும் ஒரே இடம் அதுதான். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர். ஆட்டோவில் போகலாம். மாலை நடை திறக்கும் நேரத்துக்குப் போய் இருட்டும் வரை இருங்கள்.

ஐராவதேஸ்வரர் கோயிலைக் கட்டியவர் 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் ராஜராஜன். தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு. தாராசுரத்தில் எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தால் பார்க்காததற்குச் சமம். குனிய வேண்டும், சில இடங்களில் தரையில் உட்கார வேண்டும். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், ஏறக்குறைய முழங்கால் உயரத்தில், பெரியபுராணத்து அடியார்களின் கதைகள் ஒரு வரிசையாக ஓடுகின்றன. ஒவ்வொரு பலகையும் கையகல உயரம்தான். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட காட்சியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வந்துகொண்டிருப்பான். அரசன் கட்டிய கோயிலில், குழந்தை உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும் உயரத்தில் கதையை வைத்திருக்கிறார்கள். யார் பார்ப்பதற்கு என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

முன்மண்டபம் சக்கரம் பூட்டிய தேர்போல் இருக்கும், குதிரை இழுத்துக்கொண்டு போகும். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தை உங்களுக்கு முன்பே நாலு பேர் சூழ்ந்துகொண்டிருப்பார்கள், தேட வேண்டியதில்லை. பலிபீடத்துக்குப் பக்கத்தில் தட்டினால் ஒலிக்கும் கல் படிகளைக் கம்பி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். நல்லதுதான், இல்லாவிட்டால் இதற்குள் தட்டியே தேய்த்திருப்போம்.

தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இல் சேர்ந்தன.

அப்படியானால் தஞ்சாவூர்?

நாற்பது கிலோமீட்டர். திரும்பிப் போகும் நாளில் வழியில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

காலையில் என்ன சாப்பாடு?

இட்லி, பொங்கல், தோசை என்று மாறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறாது, அன்று இட்லியும் கடப்பாவும். கடப்பா என்றால் ஊர்ப் பெயர் என்று நினைக்கிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணத்துக் குழம்பு வகை அது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கைக் கையால் உடைத்துப்போட்டு, தேங்காய், பச்சைமிளகாய், சோம்பு, பொட்டுக்கடலை அரைத்துவிடுவோம். பட்டை, கிராம்பு தாளிப்பு. மிளகாய்த்தூள் போடக்கூடாது. வெள்ளையாக இருக்க வேண்டும், கொஞ்சம் நீர்க்க இருக்க வேண்டும், இட்லி அதில் மிதக்க வேண்டும். கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிவது அடுப்பை அணைத்த பிறகு. சாம்பார் வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சாம்பாரும் இருக்கிறது, கொஞ்சம் வருத்தத்தோடு தருவேன்.

டிகிரி காபி என்பது உண்மையா, விளம்பரமா?

நெடுஞ்சாலை ஓரத்தில் பித்தளை டபராவை அடுக்கி "கும்பகோணம் டிகிரி காபி" என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், கும்பகோணத்தில் இருக்கிற எங்களுக்கே அவற்றின் எண்ணிக்கை ஆச்சரியம்தான். பெயருக்கு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். பாலின் சுத்தத்தைக் கருவியால் அளந்து டிகிரி சொல்லி விற்றதால் வந்தது என்பது ஒன்று. சிக்கரி என்பது வாய்மொழியில் டிகிரி ஆனது என்பது இன்னொன்று. முதல் டிகாக்‌ஷனை முதல் டிகிரி என்றார்கள் என்பது மூன்றாவது. நான் பால் கட்சி. தண்ணீர் கலக்காத பசும்பால், அப்போது கறந்து அப்போது காய்ச்சியது. அது இருந்தால் காபி தானாக வந்துவிடும். முதல் டிகாக்‌ஷன் ஆறரை மணிக்கு இறங்கும். ஏழரைக்கு எழுந்திருப்பவர்களுக்கு இரண்டாவதுதான், முன்பே சொல்லிவிடுகிறேன்.

எப்போது வருவது நல்லது?

ஆடியில் வாருங்கள் என்பேன். கேட்டவர்கள் தயங்குவார்கள், ஆடியில் யாராவது ஊருக்குப் போவார்களா என்று. அதனால்தான். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஊர் முழுக்க இருக்கும் கல்யாண மண்டபங்கள் ஓய்வில் இருக்கும், எந்த விடுதியிலும் அறை கிடைக்கும், எங்களிடமும் கிடைக்கும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்திருந்தால் காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் பெண்கள் காதோலை, கருகமணி வைத்துக் கும்பிடுவதைப் பார்க்கலாம். அணையில் நீர் இல்லாத ஆண்டில் மணலைத்தான் பார்ப்பீர்கள். வருவதற்கு முன் மேட்டூர் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள், டெல்டாக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்க்கிறோம்.

மார்கழியும் நல்லது. விடியற்காலைக் கோலமும் குளிரும், கோயில்களில் திருப்பாவையும். தையில் அறுவடை, திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. அந்த நாட்களுக்கு அறை சீக்கிரமே நிரம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஊர் சுற்ற முடியாமல் போகலாம், ஆனால் முற்றம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் வெயில். அப்போது வந்தே ஆக வேண்டுமென்றால் மதியம் வெளியே கால் வைக்க வேண்டாம். கோயில் கல் தரை பாதத்தைப் பொசுக்கிவிடும், ஒரு பழைய காலுறை எடுத்துவாருங்கள்.

2028 மகாமகத்துக்கு இப்போதே கேட்கிறார்கள். அந்த மாதத்துக்கு வீடு உறவுக்காரர்களுக்கு. மன்னிக்கவும்.

லாட்ஜ் வாடகையைவிட ஏன் இவ்வளவு அதிகம்?

நியாயமான கேள்வி. பதிலில் ஒரு பகுதி எங்கள் முட்டாள்தனம்.

மகாமகத்துக்கு முன்பு அவசர அவசரமாக வீட்டைச் சரிசெய்தோம். வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் ஒருவர், சுண்ணாம்பெல்லாம் இந்தக் காலத்தில் யார் பூசுகிறார்கள் என்று சிமெண்டைப் பூசிவிட்டார். பார்க்க வழவழவென்று இருந்தது. நாங்களும் மகிழ்ந்துபோனோம். ஒரு மழைக்காலம் போனது. இடுப்பு உயரம் வரை சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பெயின்ட் அப்பளம்போல் பொரிந்து எழும்பியது, விரலால் தொட்டால் உதிர்ந்தது. இரவில் கூடத்தில் படுத்தால் சுவரிலிருந்து மண் உதிரும் சத்தம் கேட்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் உப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே பிதுங்கும்.

பூசியதை முழுக்கக் கொத்தி எடுத்தோம். பழைய முறை தெரிந்த ஒரு கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம், எழுபதைத் தாண்டியவர். கொல்லையில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்தார். கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை விட்டு மணலோடு அரைத்தார். வீடு முழுக்கக் கள் புளித்ததுபோல் ஒரு வாடை. "அவசரப்பட்டால் சுவர் பேசாது அம்மா, பிறகு பேசும்" என்றார். பேசுவதைத்தான் நாங்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தோமே.

இப்போது ஆண்டுக்கு ஒரு முறை வெள்ளை அடிக்கிறோம், ஓடு மாற்றுகிறோம், தூண்களுக்கு எண்ணெய் போடுகிறோம். ஐந்தே அறைகளின் வாடகை அதைத் தாங்க வேண்டும். காலை உணவு வாடகைக்குள் அடக்கம். மதியச் சாப்பாட்டுக்குத் தனி.

ஏசி, வெந்நீர், வைஃபை?

மூன்றும் உண்டு. வைஃபை ரேழியில் நன்றாக வரும், இரண்டாம் கட்டில் தடித்த சுவர் அதை உள்ளே விடாது.

வயதானவர்களுக்கு வசதியாக இருக்குமா?

கீழ்த்தளத்தில் மூன்று அறைகள், எல்லாவற்றிலும் மேற்கத்தியக் கழிப்பறையும் கைப்பிடியும் வைத்திருக்கிறோம். மாடி ஏறும் மரப்படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாடி வேண்டாம். உயரமானவர்கள் வாசல் நிலையில் குனிந்து வர வேண்டும். எழுதி ஒட்டியிருக்கிறோம், ஆனாலும் நெற்றியைத் தடவிக்கொண்டுதான் முதல் வணக்கம் சொல்கிறார்கள்.

கொசு?

ஆறு, குளம், வயல், மழை. இருக்காதா? கொசுவலை கட்டிய கட்டில்தான் தருகிறோம். பல்லியும் உண்டு, அதற்கு வாடகை வாங்குவதில்லை.

அசைவம், மது?

வீட்டுக்குள் இரண்டும் கிடையாது. வெளியே சாப்பிட்டு வருவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

வெற்றிலை. 2025-இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மெல்லிய, காரம் குறைந்த இலை. ஈரத்துணியில் சுற்றினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பித்தளைப் பாத்திரமும் வெண்கலப் பானையும் பெரிய கடைத்தெருவில் எடை போட்டு விற்பார்கள். குத்துவிளக்கு வேண்டுமென்றால் பத்து கிலோமீட்டரில் நாச்சியார்கோவில். பட்டுப்புடவைக்குத் திருபுவனம்.

சிலை வாங்குகிறீர்களோ இல்லையோ, சுவாமிமலைக்குப் போய் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பாருங்கள். எட்டு கிலோமீட்டர். மதியமும் வேலை நடக்கும் இடம் என்பதால் தூக்கம் வராதவர்களை அங்கே அனுப்பிவிடுவேன். அளவுகோல் என்று பார்த்தால் ஒரு தென்னை ஓலை நறுக்கு. சிலையின் உயரத்துக்கு வெட்டி, சாத்திரக் கணக்குப்படி மடித்துக் குறி போட்டு, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அதை வைத்தே பிரிப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்த மெழுகில் உருவம். அதன் மேல் காவிரி வண்டலைக் குழைத்து முதல் பூச்சு. விரல் ரேகைகூடப் பதியும் அளவுக்கு மெல்லிய மண் அது. மேலே இன்னும் தடித்த பூச்சுகள், கம்பிக் கட்டு. சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதே அச்சில் இன்னொன்று வராது. விலை ஏன் அப்படி என்று பிறகு நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை. "பூமியில் கிடைத்த பழைய சிலை" என்று யாராவது காதோடு சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளை நாட்டை விட்டுக் கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. புதுச் சிலையை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதானாலும், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிவைத்துக்கொள்வது விமான நிலையத்தில் நிம்மதி.

என்ன ஆவணம் வேண்டும்?

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை. பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை பெற்றவர்கள் என்றால் பாஸ்போர்ட்டும் விசா அல்லது ஓசிஐ அட்டையும் கட்டாயம். அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினருக்கான படிவத்தில் நாங்கள் பதிவுசெய்ய வேண்டும். "பேரன்தானே, தமிழ்ப் பிள்ளைதானே" என்று தாத்தாக்கள் கோபித்துக்கொள்கிறார்கள். படிவத்துக்கு அது தெரியாது.

எப்படி வருவது?

சென்னை எழும்பூரிலிருந்து மெயின் லைன் வழியாக ரயில். உழவன் எக்ஸ்பிரஸ் இரவு ஏறினால் விடியலில் கொண்டுவந்து விடும். சோழன் எக்ஸ்பிரஸ் பகலில் வருவது, மயிலாடுதுறைக்குப் பிறகு ஜன்னல் ஓரம் கிடைத்தால் வயலைப் பார்த்துக்கொண்டே வரலாம். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சி, அங்கிருந்து சாலையில் சுமார் 95 கிலோமீட்டர். அதிகாலையில் வந்து இறங்குகிறவர்கள் அறை தயாராகும் வரை திண்ணையில் உட்காரலாம். முதல் டிகாக்‌ஷன் அவர்களுக்குத்தான்.

அறையை எப்போது காலி செய்ய வேண்டும்?

பதினொரு மணிக்கு. இரவு ரயில் என்றால் பெட்டியை ரேழியில் வைத்துவிட்டு ஊருக்குள் போய்வாருங்கள். மதியம் திரும்பி வந்தால் ஊஞ்சலுக்கு வாடகை கிடையாது, இலையும் போடுவோம், காலை பத்து மணிக்குள் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.